மரத்துக்கு வைத்த பை

சுக்கானில் ஒட்டிக் காய்ந்திருந்த சிப்பிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுப்பதற்குள் அவளுக்கு வலது கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. வாரம் முழுவதும் பை தைக்கும் கம்பெனியில் மிஷினுக்கு முன்னால் குனிந்திருக்கும் உடம்பு, விடுமுறை நாளிலும் நிமிரவில்லை. படகுத்துறைக்குப் பின்னால் இருந்த பழுதுபார்க்கும் மைதானத்தில், மரத்தாங்கிகளின் மேல் நின்றிருந்த பாய்மரப் படகின் அடியில் அவள் மடங்கி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே படகின் வயிறு வெள்ளை வெளேரென்று மின்னியது. அந்த வெள்ளையை அடித்தவர் அவளுடைய கணவர்தான். வண்டிப் பட்டறையில் பெயிண்டராக இருந்தவர்.

அவர் இப்போது மேல்தளத்தில் குப்புறப் படுத்து, துருவேறிய போல்ட் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்தில் மாவு அண்ணன் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் சீராகக் கேட்டது. மாவு என்பது அவருடைய பெயரன்று. அதே பட்டறையில் பட்டி பார்ப்பவர் அவர். நசுங்கிய கதவுகளில் பட்டி பூசி, காய்ந்ததும் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்குவது வேலை. பறக்கும் வெள்ளைத் தூள் தலையிலும் புருவத்திலும் படிந்து, மாவு மில்லிலிருந்து நேராக எழுந்து வந்தவர்போல் இருப்பார். அவர் தேய்த்து முடித்த இடத்தின் மேல் அவளுடைய கணவர் பெயிண்ட் அடிப்பார். பதினெட்டு வருடங்களாக ஒருவருடைய கையின் மேல் இன்னொருவருடைய கை. இடையில் எப்போதோ மாவு அவளைத் தங்கச்சி என்று அழைக்கத் தொடங்க, உறவுமுறை தானாக ஒழுங்குபட்டு, ஆண்கள் இருவரும் மாப்பிள்ளை மச்சான் ஆகிவிட்டார்கள்.

"அண்ணே, இங்க முடிஞ்சிருச்சு. அந்தப் பக்கம் நான் கொஞ்சம் சுரண்டட்டுமா?"

"வேணாம் தங்கச்சி. இது என் பக்கம். தையக்காரி கை பட்டா மரத்துல தையல் விழுந்துரும்."

"மச்சானைக் கேக்காம அந்தப் பக்கம் ஈகூட உக்காராது," என்றார் கணவர் மேலிருந்து. மூவரும் சிரித்தார்கள். அவள் எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, தேநீர் வாங்கி வரப் போனாள்.

படகு அவர்களுக்கு வந்த விதம் இது. பட்டறையை மூடப்போவதாக முதலாளி அறிவித்தபோது, தொழிலாளர்களை ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப் பேசினார். பெயிண்டருடைய முறை வந்ததும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதுவே வழக்கமில்லாத காரியம். பதினெட்டு வருடத்துக்கான தொகையை ரொக்கமாகக் கொடுக்க இப்போது வழியில்லை என்றும், ஆனால் தன்னுடைய சொந்தப் பாய்மரப் படகு பின்கொட்டகையில் நிற்கிறது, அது அந்தத் தொகையைப்போல் இரண்டு மடங்கு பெறும் என்றும் சொன்னார். பாயும் கயிறும் புதிதாகப் போட்டுக்கொண்டால், கடலைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டி ராஜாவாகப் பிழைக்கலாம். உன் கையாலேயே பெயிண்ட் அடித்த படகு, அதன் அருமை உனக்குத் தெரியாதா என்றும் கேட்டார்.

அது உண்மை. இரண்டு மாதங்களுக்கு முன்னால் அந்தப் படகு கொட்டகைக்கு வந்தபோது, வெளியூர்க்காரர் ஒருவர் வாங்க வருகிறார், கல்யாணப் பெண் மாதிரி இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். மாவு பட்டி பார்த்தார். பெயிண்டர் அதன்மேல் மூன்று கை வெள்ளை அடித்து, விளிம்பில் விரல் அகலத்துக்குப் பச்சைக் கோடு இழுத்தார். கார்களையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்த வளைவு பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து அதைப் பற்றி அவளிடம் சொல்லவும் செய்தார்.

கையெழுத்துப் போடும் முன் படகை இன்னொரு முறை பார்த்தார். பார்த்தார் என்றால், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். வண்டியை அவர் அப்படித்தான் பார்ப்பது வழக்கம். கண்ணுக்குத் தப்பும் மேடுபள்ளம் கைக்குத் தப்பாது. கையில் எதுவும் தட்டுப்படவில்லை. பட்டி இருப்பது அவருக்குத் தெரியும். பட்டி இல்லாத வண்டி எது. தகரத்தில் விழுந்த பள்ளத்தைப் பட்டி நிரப்பும். பட்டிக்கு அடியில் தகரம் இருக்கும். மரத்தை ஆணியால் குத்திப் பார்க்க வேண்டும் என்பது தகரத்தோடு வாழ்ந்த அந்தக் கைக்குத் தோன்றவில்லை. இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அவள் அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. மருத்துவர் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இனி ஸ்ப்ரே வேலையே கூடாது என்று சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டறையிலிருந்து வந்ததும் அவர் குழாயடியில் நின்று இருமித் துப்புவார். பட்டறையில் அன்றைக்கு எந்த நிற வண்டி ஓடியது என்று அந்தத் தொட்டியைப் பார்த்தே அவளால் சொல்லிவிட முடியும். சிவப்பு வண்டி நாள்களில் அது பெயிண்டா ரத்தமா என்று குனிந்து பார்ப்பாள். படகு வந்து ஒரு மாதத்துக்குள் தொட்டி வெளுத்துவிட்டது. உப்புக்காற்றில் அவர் இரவில் இருமாமல் தூங்கினார். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் படகு எவ்வளவு செலவு வைத்தாலும் சரி என்று அவளுக்குப் பட்டது.

ஆனால் செலவுக்கு ஓர் எல்லை வேண்டும். கம்பெனியில் சம்பள முன்பணம் கேட்டாள். ஒரு வருடம் மாதாமாதம் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு இருந்த சேமிப்பையும் சேர்த்து, மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒரே மூச்சில் போய்விடும் என்று நினைத்து, சமையலறைக் கதவின் பின்னால் தொங்கவிட ஆறு பைகள் கொண்ட ஒரு நீளத் துணியைத் தைத்தாள். அதற்கான துணிக்குப் பஞ்சமில்லை. வெட்டும் பிரிவில் மிஞ்சும் துண்டுகளை மாதம் ஒரு மூட்டை வீட்டுக்கு எடுத்துப்போக அவளுக்கு அனுமதி உண்டு. மெல்லிய வெள்ளைப் பருத்தி, ஈரப் பெயிண்டில் நூல் விடாது என்பதால் கணவருக்கு. பைகளின் உள்ளே வைத்துத் தைக்கும் நீலக்கோடு போட்ட கெட்டித் துணி, தூள் துடைக்கத் தோதாக இருக்கும் என்பதால் மாவு அண்ணனுக்கு. பல வருடமாக இப்படிப் பிரித்து, இரண்டு மூட்டையாகக் கட்டிப் பட்டறைக்கு அனுப்பிவந்தாள். இந்த முறை கோடு போட்ட துணியில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு பையின் மேலும் நூலால் எழுதினாள். கயிறு. பாய். நட்டு போல்ட். பெயிண்ட். மரம். கடைசிப் பைக்கு என்ன எழுதுவது என்று யோசித்து, தெரியாதது என்று எழுதினாள்.

பணத்தைப் பிரித்துப் போட்ட அன்று மாவு அண்ணனும் வந்திருந்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தேநீரை ஆற்றிக்கொண்டே பைகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"கடைசிப் பை யாருக்கு? எனக்கா?"

"தெரியாம வர்ற செலவுக்கு அண்ணே."

"எனக்குத் தெரியாம அந்தப் படகுல என்ன செலவு வந்துரும்?" என்று சிரித்தவர், ஐந்தாவது பையைத் தொட்டுப் பார்த்தார். அவள் அதில்தான் அதிகம் வைத்திருந்தாள். பழைய படகென்றால் மரம்தான் முதலில் போகும் என்று கம்பெனியில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"மரத்துக்கு எதுக்கு இவ்வளவு? இரும்பு மாதிரி நிக்குது. அதைப் பாயில போடு தங்கச்சி. பாய் நல்லா இருந்தாத்தான் பாக்குறவன் ஏறுவான்."

கணவர் தலையசைத்தார். இத்தனை வருடங்களில், கதவு எது, வண்டி எது என்று தெரியாத விபத்து வண்டிகளைக்கூட மாவு தட்டிப் பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்வதை அவர் கேட்டிருக்கிறார். ஒருநாளும் தப்பியதில்லை. அவள் ஐந்தாவது பையிலிருந்த தாள்களை எடுத்து இரண்டாவது பையில் வைத்தாள். மரத்துக்கு வைத்த பை தட்டையாகித் துணியோடு ஒட்டிக்கொண்டது.

"கொஞ்சமாவது இருக்கட்டுமே அண்ணே."

"சும்மா தூங்குற காசு எதுக்கும்மா," என்றார் மாவு. பிறகு தேநீர் நன்றாக இருக்கிறது என்றார்.

பாய்த்துணி வாங்கினார்கள். அளவுக்கு வெட்டிய துணியைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார் என்பதால் இரண்டு முறை அளந்தாள். வேலை முடிந்தபின் மிஷினைப் பயன்படுத்த மேற்பார்வையாளர் அனுமதித்தார். கெட்டித் துணிக்கு ஊசி முறிந்தால் அவள் பொறுப்பு என்றார். ஏழெட்டு ஊசி முறிந்தது. சாப்பாட்டுக்கூடத்தின் மேசைகளையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, தரை நிறையப் பாயை விரித்து, அதன்மேல் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து மடிப்புகளைப் பிடித்தாள். கயிறு இழுக்கும் மூலைகளில் மூன்று மடிப்புத் துணி வைத்துத் தைக்க வேண்டும். கடைசி மூலைக்கு வந்தபோது பாய்த்துணி போதவில்லை. வீட்டிலிருந்து கோடு போட்ட துணியைக் கொண்டுவந்து, அந்த மூலையை முடித்தாள். வெள்ளைப் பாயின் ஒரு கோடியில் நீலக்கோட்டு முக்கோணம். பக்கத்து மிஷின்காரி பார்த்துவிட்டு, கப்பலுக்குக் கைக்குட்டை வைத்துத் தைத்திருக்கிறாயே என்று கேலி செய்தாள்.

மாவு அண்ணன் வருவது குறைந்தது. ஒருநாள் மைதானத்துக்கு வந்தபோது புருவம் கறுப்பாக இருந்தது. இஸ்திரி போட்ட சாம்பல்நிறச் சட்டை அணிந்திருந்தார். அதே முதலாளி ஊரின் மறுகோடியில் புதிதாகக் கார் சர்வீஸ் நிலையம் திறந்திருப்பதாகவும், தன்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார். பழைய பாக்கித் தொகையும் வந்துவிட்டதாம்.

"முழுசாவா?" என்று கேட்டார் கணவர்.

"ஏதோ, கொடுத்தாங்க மாப்ளே."

கையில் வழியில்லை என்று சொன்ன முதலாளி அவருக்கு மட்டும் எப்படிக் கொடுத்தார் என்று கணவர் கேட்கவில்லை. மச்சானுக்குக் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷமே. அவளுக்கும்தான். சட்டையின் இரண்டாவது பொத்தான் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கைப்பையிலிருந்து ஊசி எடுத்து, அவர் நின்றபடி இருக்க அதை இறுக்கித் தைத்துக் கொடுத்தாள். அவர் கழுத்தை நிமிர்த்திக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்காகப் படகின் விலாவில் இரும்புப் பட்டைகள் பொருத்த வேண்டியிருந்தது. ஆளேற்றும் படகுகளைச் சோதிக்கும் அதிகாரி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார். வலப்பக்கத்தில் துளை போடுவதற்குள் கணவருக்கு வேர்த்துக் கொட்டியது. மரம் அவ்வளவு உறுதி. இடப்பக்கத்துக்கு வந்து டிரில்லை வைத்து அழுத்தினார். சத்தமே எழவில்லை. டிரில் ஊசி நுனி முதல் அடிவரை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி, கைப்பிடி படகின் வயிற்றில் போய் முட்டியது.

அவர் மெதுவாக அதை வெளியே இழுத்தார். முறுக்கிய ஊசியில் நூல் சுற்றிக்கொண்டு வந்தது. வெள்ளை, நடுநடுவே நீலம்.

அவள் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நூல் என்றால் அவள் கண்ணுக்குத் தப்பாது. கம்பியை விட்டுவிட்டு ஏணியில் ஏறி, ஊசியில் சுற்றியிருந்ததைப் பிரித்து, விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தாள். கணவர் சுத்தியலின் பின்பக்கத்தால் துளையின் ஓரத்தைத் தட்டினார். அவர் அடித்த வெள்ளையோடு, தட்டுக் கனத்துக்குப் பட்டி ஒரு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருள். அவள் கையை விட்டு இழுத்தாள். துணி வந்தது. இழுக்க இழுக்க, ஈரத்தில் கறுத்துப்போன துண்டுகள் கையளவு கையளவாக வந்துகொண்டே இருந்தன. கடைசியில் வந்தது மரம். ஊறிய பிஸ்கட்போல விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒரு துண்டைத் தன் மேல்துணியில் துடைத்து விரித்தாள். கம்பெனி வெட்டும் மேசையில் போடும் சுண்ணாம்புக் குறி ஓரத்தில் அழியாமல் இருந்தது.

"கோடு போட்டது," என்றாள்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பட்டி இருக்குன்னு தெரியும். அவன் முடிச்சபுறம்தான என்னைக் கூப்பிடுவாங்க." துளையின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "உள்ள துணி இருக்குன்னு தெரியாது," என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள்.

மைதானத்துத் தச்சரை அழைத்துக் காட்டினார்கள். அவர் இடப்பக்கம் நெடுக ஒரு திருப்புளியால் குத்திக்கொண்டே நடந்தார். பல இடங்களில் அது கைப்பிடிவரை உள்ளே போயிற்று. பலகைகளை மட்டும் மாற்றினால் போதாது, உள்ளே அவற்றைத் தாங்கும் வளைமரங்களும் போயிருக்கின்றன என்று சொல்லி ஒரு தொகையைச் சொன்னார். அவள் மனத்துக்குள் கதவின் பின்னால் இருந்த பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கயிறும் பாயும் ஏற்கெனவே தீர்ந்திருந்தன. தெரியாதது என்று எழுதிய பையையும் சேர்த்துக் கவிழ்த்தாலும் தச்சர் சொன்னதில் கால்பங்கு வராது.

முதலாளியிடம் போய்க் கேட்க வேண்டும் என்றாள். இருவரும் போகலாம் என்றாள். நீ வந்தால் வார்த்தை தடித்துவிடும், நானே போய்வருகிறேன் என்று கணவர் சொன்னார். மறுநாள் போனார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் திரும்பி வந்து, முகம் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார்.

"என்ன சொன்னார்?"

"ஊர்ல இல்லையாம்."

"எப்ப வருவாராம்?"

"தெரியாதுன்னு சொன்னாங்க." சில நாள்களாக இறங்காமல் இருந்த சோறு அன்று அவருக்கு இறங்கியது. மனிதர் அலைந்து களைத்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மாவு அண்ணன் வீட்டுக்கு அவள் தனியாகப் போனாள். அவர் வாசலில் செருப்புக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய கையில் இருந்த துணியைப் பார்த்ததும் செருப்பைக் கீழே வைத்தார். உள்ளே திரும்பித் தேநீர் போடச் சொன்னார். அவருடைய மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் அடுப்படிக்குப் போனார். அவருக்கும் தெரியும் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது.

"உங்களுக்கு வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது தங்கச்சி. வெளியூர்க்காரனுக்குன்னுதான் செஞ்சேன். முதலாளி செய்யுன்னாரு. அந்தாளு துட்டு உள்ளவனாம், போனாப் போறான்னு நெனச்சேன்."

"எங்க வீட்டுத் தரையில உக்காந்து, மரத்துக்குக் காசு வேணாம்னு சொன்னீங்களே அண்ணே. அது எந்த ஊர்க்காரனுக்குச் சொன்னீங்க?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் தைத்துக் கொடுத்த பொத்தான். அது அசையவில்லை.

"மாப்ள கையெழுத்துப் போட்டபுறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் என்னத்தச் சொல்றது. சொன்னா உங்களுக்குப் பணம் வந்துருமா? என்னோடதும் சேந்து போயிருக்கும். இந்த வயசுல என்னை எவன் வேலைக்கு வைப்பான், சொல்லு." குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு வழி வச்சிருக்கேன். நீ யாருகிட்டயும் பேசாதே. ரெண்டு நாள் லீவு போட்டு வர்றேன். மறுபடி பட்டி பாத்துத் தர்றேன். மாப்ள ஒரு கை வெள்ளை அடிச்சா ஒருத்தனுக்கும் தெரியாது. வித்துடுங்க."

"யாருக்கு?"

"யாருக்கோ."

தேநீர் வந்தது. அவள் டம்ளரைத் தொடவில்லை. துணியை மடித்து அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்படி வாசலில் நின்றிருந்தவரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மாவு சொன்ன வழியைக் கணவரிடம் சொன்னபோது, அவர் அதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய்யலாம் என்றும் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். ஏறுகிறவர்கள் பிள்ளைகுட்டியோடு ஏறுவார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சோதிக்க வர இருந்த அதிகாரியை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மைதான வாடகை பாக்கி நின்றதால், அதற்கு ஈடாகப் படகை எடுத்துக்கொள்வதாக மைதானக்காரர் சொன்னார். வலப்பக்கத்துப் பலகைகள் ஏதாவது ஒரு வேலைக்கு ஆகும், இடப்பக்கம் அடுப்புக்கு ஆகும் என்றார். கயிறுகளைக் கடைக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். வெட்டித் தைத்த பாயை ஒருவரும் சீண்டவில்லை. அது சுருட்டியபடி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் முட்டியது.

ஒருநாள் கணவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய், பணத்தோடு வந்தார். பந்தல் போடுகிற ஒருவர் எடுத்துக்கொண்டாராம். நல்ல விலை என்றே சொல்ல வேண்டும். பணத்தை அவரே தெரியாதது என்ற பையில் வைத்தார். அவள் பாயைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் வேலையும் கிடைத்தது. ஊரின் மறுகோடியில் புதிய கட்டடம் ஒன்று எழும்புகிறது, சுவர்ப் பூச்சு வேலை, தினக்கூலி என்றார். ஸ்ப்ரே இல்லையே என்று அவள் மறுபடியும் மறுபடியும் கேட்டாள். பிரஷ் வேலைதான், திறந்த வெளி என்றார். அவள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

"கம்பெனித் துணி கொஞ்சம் கொண்டாயேன்," என்று ஒரு காலையில் கேட்டார். "வெள்ளைதான். முடிஞ்சாக் கோடு போட்டதும் கொஞ்சம்."

"கோடு போட்டது எதுக்கு?"

"சுவர் தேய்க்கிறவங்களுக்கு," என்றார், செருப்பைத் தேடிக்கொண்டே.

அவள் கொண்டுவந்தாள். பழக்கத்தில் கை தானாகவே இரண்டு மூட்டையாகக் கட்டியது.

இருமல் திரும்பி வந்தது. சிமென்ட் தூசி என்றார். ஒருநாள் அவர் முகம் கழுவிவிட்டுப் போன பிறகு, பாத்திரம் துலக்க அவள் குழாயடிக்கு வந்தாள். தொட்டியின் வாயில் ஓர் இழை சளி ஒட்டியிருந்தது. நீலம். தண்ணீர் விட்டபோது அது கரையாமல் வெளிச்சத்தில் மினுமினுத்தது. சுவருக்கு யாரும் மினுமினுப்பு நீலம் அடிப்பதில்லை. அவள் குழாயை மூடிவிட்டு, கையில் இருந்த பாத்திரத்தோடு நின்றாள். உள்ளே அவர் கட்டிலில் படுக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியில் மின்சாரம் நின்று, மத்தியானத்தோடு அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் வீட்டுப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினார்கள். அவள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்தில் நின்றாள்.

சர்வீஸ் நிலையத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. பேருந்திலிருந்து இறங்கியதும் தெரிந்தது. கண்ணாடிச் சுவர்களுக்குள் புதிய வண்டிகள் நின்றன. பக்கவாட்டில், வெளிவேலை நடக்கும் முற்றத்துக்கு மேலே, நான்கு இரும்புக் கம்பங்களுக்கு நடுவில் வெயிலுக்காக ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் ஒரு மூலையில் நீலக்கோட்டு முக்கோணம்.

அவள் கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். துணியின் நிழலில் ஒரு நீல வண்டி நின்றது. சாம்பல்நிறச் சட்டையில் மாவு அண்ணன் அதன் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புருவங்கள் மறுபடியும் வெளுத்திருந்தன. பிறகு கோடு போட்ட துணியால் தூளைத் துடைத்துவிட்டு நகர்ந்து வழிவிட்டார். அவருக்குப் பின்னால் நின்றிருந்தவர் முன்னே வந்தார். அவருக்குச் சாம்பல்நிறச் சட்டை இல்லை. வீட்டிலிருந்து போட்டுவந்த பழைய சட்டைதான். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் கதவை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார். மாவு ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத் துணியை எடுத்து உதறி, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடித் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஸ்ப்ரே கன்னை எடுத்தார்.

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. பாய் உப்பிற்று. மூலைகளில் கட்டியிருந்த கயிறுகள் விறைத்து முனகின. மூன்று மடிப்பு வைத்துத் தைத்த இடங்கள் ஒன்றும் பிரியவில்லை. சிமென்டில் புதைத்த கம்பங்களை இழுத்தபடி அது நிறைந்து நின்றது. கீழிருந்து எழுந்த நீலப் புகை போக இடமில்லாமல் அதன் வயிற்றில் மோதிப் பரவியது. வெள்ளைத் துணியின் அடிப்பக்கம், அவள் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து தைத்த தையல்களின் ஓரமாக, ஏற்கெனவே நீலமாகத் தொடங்கியிருந்தது.